அப்பாவிடம் யார் சொல்வது

ஜூலை 10, திங்கள்

புழுக்கம். காலையிலேயே குழாயில் வெந்நீர் மாதிரி வருகிறது. ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு சொல்லியாச்சு. மேனேஜர் என்ன விஷயம் என்றார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல சார்." அதற்கு மேல் வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பையில்: ஸ்கேன் கவர், ஃப்ளாஸ்க், பன், அப்பாவின் மஃப்ளர், உட்கார பழைய பேப்பர்.

பஸ்ஸில் அப்பா மூணு டிக்கெட் கேட்டது கண்டக்டருக்குக் கேட்கவில்லை. "இன்னா பெருசு, ரகசியம் பேசற? சத்தமா கேளு." இரும்புலியூர் தொடங்கி வண்டலூர் வரை ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, "பெரியோர்களே தாய்மார்களே" என்று தெருத்தெருவாக அறிவிப்பு சொல்கிற மனுஷனைப் பார்த்து. அப்பா சிரித்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

பொங்கலுக்கே தொண்டை கட்ட ஆரம்பித்தது. அப்புறம் எலெக்‌ஷன். காலையிலிருந்து ராத்திரி வரை மைக். கத்தினதால்தான் என்றோம் எல்லோரும். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை. டிகிரி படித்த நானும் சித்தரத்தைதான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார் பெரிய டாக்டர். இங்கிலீஷில் சொன்னார். குரல்வளை முழுவதும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு ஓட்டை வைப்பார்கள், இனி மூச்சு அது வழியாக. குரல் திரும்பி வராது. உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த திங்கள் ஆபரேஷன். அப்பாவுக்கு நீ விளக்கிச் சொல்லிவிடு என்றார். தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டுவதுதான் எனக்கு வருகிறதே.

வெளியே வந்ததும் அப்பா: "இன்னா பாப்பா சொன்னாரு?"

"சின்ன ஆபரேஷன்தான்பா."

"கேன்சர்னா கேன்சர். வெட்டிக் கடாசிட்டா போச்சு. இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு வர?"

அம்மாவிடம் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். சத்தம் வராமல் அழுதாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. சாயங்காலம் குமார் மாமாவுக்கு போன். அம்மாவின் தம்பி, வண்டலூரில் வெல்டிங் பட்டறை. வீட்டில் எந்த முடிவும் அவரைக் கேட்டுத்தான். "மச்சான் கிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க. சொன்னா டேபிள்ல படுக்கவே மாட்டாரு. கண்ணு முழிச்சப்பறம் பாத்துக்கலாம்."

கண் முழித்து, பேச வாயைத் திறந்து, அப்போதா?

இதை மாமாவிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 11, செவ்வாய்

வார்டில் சேர்த்தாச்சு. ஜன்னல் பக்கக் கட்டில். ஃபேன் உண்டு, காற்று இல்லை. உட்கார முடியவில்லை. மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன், காரணமில்லாமல்.

வார்டில் காதில் விழுந்தவை (இங்கே கரண்ட்டு என்றால் ரேடியேஷன்):

"டேஸ்ட்டே தெரியலடி, மண்ணத் துன்ற மாதிரி கீது."

"கரண்ட்டு வெச்ச எடத்துல சோப்பு போடாதன்னா கேக்கறாரா?"

"ஆம்பளப் புள்ள இருந்து இன்னா பிரயோஜனம், மருமவதான் வரா."

அப்பா அதற்குள் வார்டு முழுக்கச் சிநேகம். அந்தக் கரகரத்த குரலிலும் பக்கத்துக் கட்டில்காரருக்கு நகைக்கடைத் திறப்பு விழா அறிவிப்பு சொல்லிக் காட்டுகிறார். அவர் கை தட்டுகிறார். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. அப்பாவுக்கு அதுதான் சீசன். எங்கள் தெரு அம்மன் கோயில் செக்ரட்டரிக்கு என் போனிலிருந்தே பேசினார்: "மூணாவது வெள்ளிக்குள்ள வந்துருவேன் சார். கூழு ஊத்தறதுக்கு வேற எவனையும் கூப்டாதீங்க, சொல்லிட்டேன்."

போனை வாங்கிக்கொண்டு பாத்ரூம் போனேன்.

மத்தியானம் சோஷியல் ஒர்க்கர் மேடம் வந்தார். இனி சோ.மே. சின்ன வயசுதான், என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். "அப்பாகிட்ட எல்லாம் சொல்லியாச்சாம்மா?" மறுபடி தலையாட்டல். "வெரி குட். இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தரை வியாழக்கிழமை வரச் சொல்றேன். அப்பா அவரை நேர்ல பார்த்தா தைரியம் வரும். இங்க எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம்."

போய்விட்டார். அவர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். மேடம், இன்னும் சொல்லலை. மூணே வார்த்தை.

ஃப்ளாஸ்க்கைக் கழுவப் போனேன்.

ஜூலை 12, புதன்

இன்று சொல்வது என்று முடிவு. காலை, வராந்தா. அப்பா காக்காய்க்கு இட்லி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா பாப்பா?"

"சட்னி காரமா இருந்துச்சாப்பா?"

அவ்வளவுதான் வந்தது.

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். தாம்பரம் ஸ்டேஷனில் கூட்டம், மழை வரும்போல் இருட்டு, வரவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோ தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது, ஸ்பீக்கர் இரண்டும் காது மாதிரி துருத்திக்கொண்டு. எதிர்வீட்டு அக்கா: "அப்பாக்கு எப்டிகீது? அவரு சத்தமில்லாம தெருவே தூங்கி வழியுது."

வீட்டைப் பூட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அப்பா, உன் குரல் போயிடும். அப்பா, குரல்வளையை எடுக்கறாங்க. அப்பா, இனிமே நீ. எப்படி ஆரம்பித்தாலும் அப்பா என்ற வார்த்தைக்குப் பிறகு குழறுகிறது.

மாமா போன்: "அந்தாள் வரானாமே நாளைக்கு? வுடக் கூடாது. நான் கேட்லயே நிக்கறேன்."

மாமாவிடம் யார் சொன்னது? அம்மாதான். அம்மாவுக்கு நான் சொன்னேன். அப்பாவைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.

ஜூலை 13, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாமா காலையிலேயே மெயின் கேட்டில். கழுத்தில் துணி சுற்றியிருந்த ஒவ்வொருவரையும் மறித்திருக்கிறார். ஒருவர் ஜலதோஷக்காரர், திட்டிவிட்டுப் போனாராம். இன்னொருவர் நர்ஸின் அப்பா. அம்மா லிஃப்ட் வாசலில். நான் படிக்கட்டில். மூன்று பேரும் இப்படிக் காவல் நிற்க, சோ.மே. வரச் சொன்னவர் கேன்டீன் பக்கத்து வழியாக நேராக வார்டுக்கே போய்விட்டார். எத்தனை வருஷமாக வந்து போகிறவர், அவருக்கா வழி தெரியாது.

நான் மேலே போனபோது அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரஹீம் பாய், பல்லாவரத்தில் டெய்லர் கடை. வெள்ளைச் சட்டை. கழுத்தை மறைத்து, சட்டைக்குள் செருகிய கட்டம் போட்ட கைக்குட்டை, அழகாக ஓரம் தைத்தது. விழுங்கின காற்றுதான் இப்போது குரல், வயிற்றிலிருந்து ஏப்பம் ஏப்பமாக எழும்பி வருகிறது. வார்த்தை வார்த்தையாக. கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது.

"வூட்ல... சண்ட வந்தா... முன்னல்லாம் நாந்தான் ஜெயிப்பேன். இப்ப... நான் காத்த முழுங்கறதுக்குள்ள... அவ பத்து பேசிடறா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இருமல் வந்தது. பாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

என்னைப் பார்த்ததும் அப்பா: "வா பாப்பா. இவரு ரஹீம் பாய். பாவம், இவருக்கு முத்திப் போயி மொத்தமா எடுத்துட்டாங்களாம். எனக்கு நல்ல வேள, சின்னதா இருக்கும்போதே பாத்துட்டாங்க." பிறகு பாயிடம், "எம்பொண்ணு. டாக்டர் கிட்ட இங்கிலீஷ்லதான் பேசும்."

பாய் என்னைப் பார்த்தார். கைக்குட்டையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார்.

அம்மா வாசலில் வந்து நின்று, பேசாதே என்று கையை ஆட்டுகிறாள். பின்னால் மாமா, மூச்சிரைக்க.

அப்பா சிரிப்பு குறைந்து கேட்டார், "சின்னதுதான பாப்பா?"

"இல்லப்பா. உனக்கும் அதேதான்."

"இன்னா? சத்தமா சொல்லு."

"உனக்கும் மொத்தமா எடுக்கறாங்கப்பா. குரல் வராது."

வார்டு முழுக்கக் கேட்டது. என் வாயிலிருந்து இவ்வளவு சத்தம் வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா போர்வையை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "பாய்க்கு டீ வாங்கிக் குடு" என்றார்.

அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். மாமா வராந்தாவில் என்னிடம்: "படிச்ச திமிரு. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான்டி."

ஜூலை 14, வெள்ளி

காலையில் கட்டில் காலி. மஃப்ளரும் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" நர்ஸ் எங்களைத் திட்ட, நாங்கள் யாரைத் திட்டுவது.

அம்மாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். பஸ் முழுக்க கெட்ட கெட்ட யோசனை. தண்டவாளம், ஏரி. எழுத வேண்டாம்.

இரும்புலியூரில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டும்போதே கேட்டது. ஸ்பீக்கர் கொரகொரவென்று. "நமது அருள்மிகு... அம்மன் ஆலய... ஆடித் திருவிழா..." பாதி வார்த்தை காற்றாகப் போகிறது. ஆனால் அப்பாதான். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பூக்கார அம்மா, "இன்னாம்மா, மயக்கமா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

கோயில் முனையில் வண்டியைப் பிடித்தேன். பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். தெருத்தெருவாகப் போனோம். இடையில் செக்ரட்டரி ஸ்கூட்டரை நிறுத்தி, "இன்னாப்பா, தொண்ட இன்னும் சரியாவலியா?"

"ஆவாது சார்" என்றார் அப்பா. "திருவிழா அன்னிக்கி வேற ஆளு பாத்துக்குங்க. இன்னிக்கி மட்டும் நான் சொல்லிட்டுப் போறேன்."

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி மைக்கை அணைத்தார். எதிரே பார்த்தபடியே:

"ஒனக்குத் தெரியும். ஒங்கம்மாளுக்குத் தெரியும். வெல்டிங் கடைக்காரனுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியும். எங்கழுத்து பாப்பா. எனக்குத் தெரியாது."

குரல் போகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதுதான்.

"சாரிப்பா" என்றேன். இங்கிலீஷில்தான் வந்தது.

ஜூலை 15, சனி

ராத்திரி பெய்த மழையில் தெரு சகதி. அப்பா வீட்டில்தான். திரும்பப் போவதாகப் பேச்சே இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறாள், கட்டிலை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாதே என்று. மாமா வந்து, "மச்சான், பெரிய மனசு பண்ணு" என்று காலைப் பிடிக்காத குறை. அப்பா தட்டில் சோறு பிசைந்துகொண்டே, "கேட்ல நிக்கறதுக்கு இன்னிக்கி போலயா நீ?" மாமா எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் ஆட்டோ துடைத்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார். நான் வாளியோடு பக்கத்தில்.

"வெட்டலன்னா?"

"வளரும்பா. மூச்ச அடைக்கும்." அதைச் சொல்ல முடிந்தது. எப்படி என்று தெரியவில்லை.

"குளிக்கறது?"

"கழுத்துக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. ஓட்டைக்குள்ள போயிடும்."

"பிரியாணி?"

"சாப்பிடலாம். வாசன அவ்வளவா தெரியாது."

"அட." இதற்குத்தான் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "சிரிச்சா சத்தம் வருமா?"

"தெரியலப்பா. டாக்டரக் கேட்டுச் சொல்றேன்."

"நீ கேக்காத. நானே கேக்கறேன்."

அழுக்குத் தண்ணியை எங்கே கொட்டினேன் என்றுகூட ஞாபகமில்லை. ஓடிப்போய் அம்மாவுக்கு போன்.

ஜூலை 16, ஞாயிறு

மறுபடி வார்டு. நர்ஸ் திட்டு, அப்பா கும்பிடு. சோ.மே. என்னைத் தனியாக அழைத்து, "சொல்லலன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பெரிய டாக்டர் ஞாயிறு என்றும் வந்தார். வழக்கம்போல் என்னைப் பார்த்து இங்கிலீஷில் தொடங்கினார். "சார், அப்பாகிட்ட சொல்லுங்க சார்." சட்டென்று நிறுத்தி, நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவுக்கு நேராக உட்கார்ந்தார். அவர் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. அப்பா வார்த்தை எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் கேட்டார். கடைசியில் சிரிப்பையும்.

"சிரிக்கலாம். சத்தம் இருக்காது."

"அப்ப ஊமச் சிரிப்பு." என்னைக் காட்டி, "பரவால்ல சார், இது பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான் சிரிக்குது."

சம்மத ஃபாரத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டார். மாமா நீட்டிய பேனாவில்.

ஜூலை 17, திங்கள்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏசி குளிர். அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

காலையிலிருந்து எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ ஷேவிங் செய்ய வந்தவரோடு கிரிக்கெட் பேசினார். அம்மா குங்குமம் வாங்கக் கீழே ஓடிய நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நான் மட்டும் கூடவே போனேன். கதவு திறந்தது. தலையைத் தூக்கி என்னைத் தேடினார். குனிந்தேன். சொன்னார். கதவு மூடியது.

அம்மா குங்குமத்தோடு ஓடி வந்தாள். கையெல்லாம் சிவப்பு. "போயிட்டாரா? கடைசியா இன்னாடி சொன்னாரு?"

மாமாவும் எழுந்து வந்தார். "என்னப் பத்தி ஏதாவது?"

நல்ல நல்ல பொய்யாக வாய் வரைக்கும் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கோ என்றார். யார் மேலும் கோபமில்லை என்றார். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வார்கள்.

"செருப்ப கட்டிலுக்கு அடியிலயே வுட்டுட்டேன், எவனாவது மாட்டினு போயிடப் போறான், எடுத்து வையின்னாரு."

"வேற?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு வார்டுக்குப் போனாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், செருப்பைப் பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு.