மாருதியின் இடது விளக்கு

டொரான்டோ
12-1-2000

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு வசுமதியின் நமஸ்காரம்.

நாங்கள் இருவரும் சௌக்கியம். குளிரைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் அம்மா இன்னொரு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிடுவாள்.

அப்பா, இந்த ஊரில் ஒன்றைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன். விடிகாலை, தெருவில் ஈ காக்காய் இல்லை. ஒரு கார் வந்து ‘ஸ்டாப்’ என்று எழுதிய சிவப்புப் பலகை முன்னால் நிற்கிறது, இரண்டு பக்கமும் பார்க்கிறது, பிறகு போகிறது. போலீஸும் இல்லை, பார்க்கிறவரும் இல்லை. யாருக்காக நிற்கிறார்கள்? நம் டெல்லி ஐ.டி.ஓ. சந்திப்பில் ஒருவர் இப்படி நின்றால், பின்னால் வருகிறவன் இறங்கி வந்து “தபியத் டீக் ஹை?” என்று உடம்பை விசாரிப்பான்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! மார்ச் கடைசியில் சேர வேண்டும். அந்த இடத்துக்கு பஸ் கிடையாது. உங்கள் மாப்பிள்ளைக்கோ ஓட்டத் தெரியாது. பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதைத் தெருவில் இறக்க முடியாது. நான் நேற்றுத்தான் ஓட்டக் கற்றவள் என்று வைத்துக்கொண்டு அவர்கள் கேட்கிற பிரீமியம் காரின் விலையைவிட அதிகம். டெல்லியில் ஆறு வருஷம் ஓட்டினேன் என்று அங்கே நம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் பாதியாகக் குறையுமாம்.

இங்கே இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒரு பெண்மணி, “இதுவரை எங்கேயாவது இடித்திருக்கிறாயா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான் அப்பா! கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து கிடையாது, ரப்பர் ஸ்டாம்பு கிடையாது. என் வாய்வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டாள். வெளியே வந்து பனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நம் பாலிசி வேணு மாமாவின் ஆபீஸில்தானே இருக்கிறது? அவரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
வசு


மயூர் விஹார், டெல்லி
29-1-2000

சௌபாக்கியவதி வசுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

வேலை கிடைத்த சேதி படித்து அம்மா மலை மந்திர் முருகனிடம் ஓடினாள். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண், “அங்கிள்ஜி, ஹம் காடி கா பீமா கர்தே ஹை, லட்கி கா நஹீ” என்று சிரித்தாள். வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸாம், பெண்ணுக்கு இல்லையாம். பாலிசி என் பெயரில் இருக்கிறது. நீ ஓட்டினாய் என்பதற்கு அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மேனேஜர் மனசு வைத்தால் உண்டு என்றாள்.

மேனேஜர் யார்? சாட்சாத் வேணுதான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் வழுக்கையைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

அந்த மனுஷன் முன்னால் போய் நிற்கச் சொல்லாதே. கிட்வாய் நகரில் பதினாறு வருஷம் பக்கத்து வீடு. சேர்ந்தே பணம் கட்டி இந்த சொசைட்டியில் ஆளுக்கொரு ஃப்ளாட் வாங்கினோம். அஞ்சு வருஷம் முன்னால், கிட்வாய் நகரில் இருந்தபோதே, ஒருநாள் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போகணும் என்று காலையில் கார் சாவி வாங்கினான். சாயங்காலம் நான் வந்து பார்த்தால் நம் மாருதியின் இடது விளக்கு உடைந்து மட்கார்டு நசுங்கிக் கிடக்கிறது. “ஏன் ஓய், சொல்லக் கூடாதோ?” என்று கேட்டேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, குத்துக்கல்லாக நின்றான். க்ளெய்ம் போட்டால் பிரீமியத்தில் கிடைக்கிற போனஸ் தள்ளுபடி போய்விடுமே என்று தெருவோரக் கடையில் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்துக்கொண்டேன். அன்றோடு அவனுக்கு சாவி கொடுப்பதும் நின்றது, பேச்சும் நின்றது. வருகிற மாசம் ரிடயர் ஆகிறானாம். ஆகட்டுமே, எனக்கென்ன.

வேறு வழி யோசிக்கிறேன்.

அப்பா


டொரான்டோ
11-2-2000

அப்பா,

இந்தக் கடிதத்தை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

விளக்கை உடைத்தது நான். வேணு மாமா காலையிலேயே வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டார். மத்தியானம் அம்மா தூங்கும்போது நான் சாவியை எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். திருப்பும்போது இரும்புக் கம்பத்தில் மோதினேன். உடைந்த பக்கத்தைச் சுவர் பக்கமாக நிறுத்திவிட்டு மேலே வந்து படுத்துக்கொண்டேன். “ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் சாவியைத் தொடக் கூடாது” என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் மாமாவைக் கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். எனக்கு வாய் வரவில்லை அப்பா.

அந்தப் பெண்மணி என் சொல்லை அப்படியே நம்பி எழுதினாளே, அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் திரும்பப் போய், இடித்திருக்கிறேன் என்று சொன்னேன். “யாருக்காவது அடிபட்டதா?” என்றாள். இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். யாருக்கும் அடிபடவில்லை என்று நான் சொன்னதுதான் பெரிய பொய்.

கடிதம் வேண்டாம். வேலை போனால் போகட்டும். மாமாவிடம் நீங்கள் பேசினால் போதும்.

வசு


மயூர் விஹார், டெல்லி
2-3-2000

வசுவுக்கு,

ஆசீர்வாதம் பிறகு. முதலில் திட்டு. அஞ்சு வருஷம்! என்ன பெண் நீ? ரெண்டு நாள் உன் போட்டோவைத் திருப்பி வைத்திருந்தேன். அம்மா நேராக்கினாள்.

மூன்றாம் நாள் காலை வேணு இருக்கிற டி பிளாக் மாடி ஏறினேன். அவனே கதவைத் திறந்தான். உன் கடிதத்தை நீட்டினேன். அவன் வாங்கவே இல்லை. “தெரியும் ஓய், அன்னிக்கு லீவு போட்டிருந்தேனே. அவ இடிச்ச வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினதை பால்கனியிலேர்ந்து பார்த்தேன்” என்றான்.

ஏன்யா சொல்லவில்லை என்று கத்தினேன்.

“குழந்தை கதவுக்குப் பின்னாடி நடுங்கிண்டு நின்னா. தானே சொல்லிடுவா, இன்னிக்கு சொல்லுவா, நாளைக்கு சொல்லுவான்னு பார்த்துண்டிருந்தேன். நான் சொன்னா நீர் அவகிட்டேர்ந்து சாவியைப் பிடுங்கிடுவீர். என்கிட்டேர்ந்து பிடுங்கினா எனக்கென்ன, பஸ் இருக்கு.”

வசு, என்ன மனுஷனடி இவன்! அவன் வாய் திறந்திருந்தால் நீ அன்றோடு ஓட்டுவதை நிறுத்தியிருப்பாய். ஆறு வருஷம் ஓட்டினேன் என்று அந்த ஊரில் சொல்லிக்கொள்ள உனக்கு ஏது? ஒரே சொசைட்டியில், ஒரே பால் பூத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, இவன் பேசாமல் நின்றிருக்கிறான். அறுபது வயதில் ஒரு ஆளைப் பார்த்து இப்படி பிரமித்துப் போவேன் என்று நினைக்கவில்லை. அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ஆபீஸில் அவன் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தான். ஆறு வருஷம் நீ ஓட்டியதைத் தானே கண்ணால் பார்த்ததாக, பொறுப்பை ஏற்று எழுதினான். பாதியில் நிறுத்தி, “இடிச்சதையும் எழுதட்டுமா?” என்றான். எழுதும் என்றேன். ஓட்டியது வசுமதி, சிறு சேதம், க்ளெய்ம் இல்லை என்று எழுதி முத்திரை குத்தினான். தேதியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி ரிடயர் ஆனான். அவன் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் உன்னுடையதும் ஒன்று. இத்துடன் இருக்கிறது, பத்திரம்.

வீட்டுக்கு வண்டியை அவன்தான் ஓட்டி வந்தான். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை.

இப்படிக்கு
அப்பா