கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம்

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. இதுவரை நேரில் போய்ப் பார்த்த கூடாரத் திடல்கள் நான்கு. நீ சரி என்று சொன்னது ஒன்றுகூட இல்லை.

அன்புள்ள சில்வண்டு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டுமாம், உன் அத்தை சொன்னாள். உடம்பு நலம், மற்றதெல்லாம் பழுது. நீயும் அம்மாவும் அங்கிளும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வறட்டு இருமல் போய்விட்டதா இல்லையா என்று மட்டும் தெளிவாகச் சொல், போனில் கேட்டால் ம் என்கிறாய், போயிருந்தாலும் அதே ம், போகாவிட்டாலும் அதே ம், நான் எதை எடுத்துக்கொள்வது? சின்ன வயதில் நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம், சில்வண்டு என்று பெயர் வைத்ததே அந்த ஓயாத வாய்க்காகத்தான். இப்போது அந்த வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. குறை சொல்லவில்லை. அப்பா மெசேஜ் எல்லாம் ரிப்பேர் ரிப்போர்ட் மாதிரி இருக்கு என்று நீ சொன்னதால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணல், பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உன் அம்மா போன வாரம் போன் செய்து, அவளுக்கு இப்ப பன்னிரண்டு முடிஞ்சிடுச்சு, இனிமே லீவுக்கு உங்ககிட்ட வரணுமா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும், நான் அனுப்பறதும் இல்ல தடுக்கறதும் இல்ல, ஆனா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கெட் போடணும் என்றாள். நியாயமான பேச்சு, சண்டை போட ஒரு இடுக்குகூட விடவில்லை. உடனே உன்னிடம் கேட்டேன். எங்க போவோம் என்றாய். ஆற்றுப் பக்கம் கூடாரம் போட்டு ஒரு வாரம் சும்மா இருக்கலாம் என்றேன். இடம் பாத்து வைங்க, பிடிச்சா வரேன் என்று போனை வைத்துவிட்டாய். பிடிச்சா வரேன். அந்த இரண்டு சொல்லைத் தூக்கிக்கொண்டு நான் ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறேன். அங்கிள் உன்னை நீச்சல் குளம் வைத்த ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறார், பள்ளி விழாவுக்கு நேரத்துக்கு வருகிறார், நல்ல மனிதர். எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

முதலில் பார்த்தது ஆறு வளையும் இடத்தில், மணல் மெத்தை மாதிரி இருந்தது. ஆனால் அங்கே ஒரு மரத்தில் என் தோள் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோலும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் சிக்கியிருந்தன. செருப்பு மரம் ஏறாது, வெள்ளம்தான் ஏற்றியிருக்கும். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். இரண்டாவது இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் வண்டி, வண்டிக்கு வண்டி ஜெனரேட்டர், எல்லாரும் வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இடம் நூற்றுக்கு நூறு. மேட்டில் இருக்கிறது, தரை சமம், மழை பெய்தால் தண்ணீர் தானாக வடியும், கழிப்பறை சுத்தம், போன் சிக்னல் முழுதாக வருகிறது, ஆஸ்பத்திரி பக்கம். அங்கேயே முன்பணம் கட்டிவிட்டு உனக்குப் பதினான்கு போட்டோ அனுப்பினேன். வடிகாலைக்கூட இரண்டு கோணத்தில் எடுத்திருந்தேன். சனிக்கிழமை உன் பதில் வந்தது. ஆறு எங்கப்பா?

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எல்லாப் போட்டோவையும் மறுபடி பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. அங்கே போய் நின்றபோதும் ஆற்றைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து நான் போட்டிருந்த மதிப்பெண் அட்டவணையை எடுத்தேன். சரிவு, வடிகால், நிழல், பாம்பு, கொசு என்று எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருந்தது. ஆறும் இருந்தது, ஆபத்து என்ற தலைப்புக்குக் கீழே. ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். ஆற்றின் மட்டம் அளந்து அபாயம் என்று சங்கு ஊதுகிற நிலையத்தில் பன்னிரண்டு வருடம் கருவி பழுது பார்த்தவன் அட்டவணை போட்டால் இப்படித்தான் வரும். அத்தையிடம் காட்டினேன், அவள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏண்டா, மார்க் போட்டு மார்க் போட்டு ஆத்தையே ஃபெயில் ஆக்கிட்டியேடா, புள்ளைய வரச் சொல்றியா, இல்ல வெளியேத்தற முகாமுக்குக் கூப்பிடறியா என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீசில் மேலதிகாரியும் விடவில்லை, லீவு கேட்கப் போனால், கேம்ப் போறியா, அணை கட்டப் போறியா என்கிறார்.

சிரிப்பு ஏன் வரவில்லை என்று எழுதிவிடுகிறேன். எங்கள் நிலையத்தில் ஆற்றிலிருந்து, மட்டம் அளக்கிற கருவி இருக்கிற கிணற்றுக்கு ஒரு குழாய் வழியாகத்தான் தண்ணீர் வரும். கொஞ்ச காலம் கவனிக்காமல் விட்டால் அதில் சேறு அடைத்துக்கொள்ளும். அப்புறம் வெளியே ஆறு ஏறினாலும் இறங்கினாலும் கருவி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். நான் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன், நீ தவறாமல் ம் என்கிறாய். எனக்கு அந்தக் குழாய் ஞாபகம்தான் வருகிறது. இந்த வருடம் நீ வராவிட்டால் அடுத்த வருடம் வராமலிருப்பது உனக்கு இன்னும் சுலபம், அதற்கடுத்த வருடம் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். மிரட்டவில்லை. பயத்தைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது இடத்துக்குப் போனேன், அத்தையும் கூடவே ஏறிக்கொண்டாள், அளக்கற சாமான் ஒண்ணு வண்டியில இருந்தாலும் நான் இறங்கிடுவேன் என்ற நிபந்தனையோடு. (ஒன்று டிக்கியில் இருந்தது. எடுக்கவில்லை.) பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மா நடத்துகிற திடல் அது, கழுத்தில் விசில் தொங்குகிறது. கூழாங்கல் பரப்பு, அதை ஒட்டி ஆறு, முழங்கால் ஆழத்தில் கல் தெரிய ஓடுகிறது. நான் போனதும் போகாததுமாக இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறும், எப்போது ஏறும், பாம்பு உண்டா, கரை அரிக்குமா என்று ஆரம்பித்தேன். யாருக்குத் தம்பி இடம் என்றார். என் பெண்ணுக்கு என்றேன். அப்ப அவளைக் கேளு, என்னை ஏன் போட்டுத் தாளிக்கறே என்று திரும்பிவிட்டார். அதற்குள் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி டியூட்டி நர்ஸ், பகலில் கண்ணை மூடினாலும் தூக்கம் வராமல் மாத்திரை போடுகிறவள், உனக்கே தெரியும். சும்மா சாயறேண்டா என்று கல்லில் சாய்ந்தவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுப்ப மனசு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை, வேறு வேலையும் இல்லை. தண்ணீர் ஒரு கல்லைச் சுற்றிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நகர்ந்ததும் குடையை நகர்த்தி வைத்தேன். எழுந்ததும் ஏண்டா எழுப்பலை என்று திட்டினாள், கன்னத்தில் கூழாங்கல் அச்சு. திரும்பி வரும்போது வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள், அதுதான் அந்த நாளின் ஒரே கஷ்டம்.

இந்த இடம்தான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆற்றின் மேற்பக்கம் இருக்கிற நீர்மின் நிலையம் சாயங்காலம் தண்ணீர் திறக்கும், கூழாங்கல் பரப்பு மூழ்கிவிடும், தினமும் நடப்பது, அந்த ஏற்ற இறக்க வரைபடம் நிலையத்தில் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு மனப்பாடம். ஐந்து மணிக்குமேல் அங்கே யாரும் இருக்கக்கூடாது, இருந்தால் விசில் அடித்தே விரட்டுவாராம் அந்த அம்மா. கூடாரம் போடுவது கரைக்கு மேலே இருக்கிற புல்திட்டில்தான். வெள்ளம் அங்கே ஏறாது, அதை என் பாணியில் அளந்து பார்த்துவிட்டேன், டிக்கியில் இருந்ததை எடுக்கவில்லை என்று மேலே எழுதியது அத்தை தூங்குகிற வரைக்கும்தான் உண்மை. திட்டிலிருந்து ஆறு முழுதாகத் தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும், நன்றாகவே கேட்கும். இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு கதவு அகலத்துக்குத் தண்ணீரும் தெரியும். போன் சிக்னல் கிடையாது. கழிப்பறைக்கு நடக்க வேண்டும், தாழ்ப்பாள் ஆடுகிறது. அட்டவணைப்படி இது தோற்றுப்போகிற இடம்.

வீட்டுச் செய்தி வேறென்ன, தாத்தா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பிடி பிரேக் பிடி என்று என்னை ஓட்டுகிறார். வாஷிங் மெஷின் குதிக்கிறது, நானே சரி செய்தேன், இப்போது இன்னும் உயரமாகக் குதிக்கிறது. உன் அறையில் உன் பொருள் எதையும் நகர்த்தவில்லை, சைக்கிளை மட்டும் இருக்கையைத் தூக்கி வைத்தேன், எவ்வளவு தூக்குவது என்று தெரியாமல் உத்தேசமாக. நீ படுத்துக்கொண்டு படிக்காதே, கண்ணாடி பவர் ஏறும். தண்ணீர் குடி. நீச்சல் வகுப்பைப் பாதியில் விடாதே, அங்கிள் காசு கட்டினால் என்ன, நீந்தப் போவது நீ. வருவதாக இருந்தால் பட்டை வைத்த செருப்பு எடுத்துவா, கல் வழுக்கும். வருவதாக இருந்தால் என்று எழுதக் கை கூசுகிறது. வந்துவிடு. கெஞ்சுவது போல் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு, வயிறாரச் சாப்பிடு, வாய் ஓயாமல் பேசு, என்னிடம் இல்லாவிட்டாலும் யாரிடமாவது பேசு. அம்மாவுக்கும் அங்கிளுக்கும் என் விசாரிப்பு. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அப்பா

பின்குறிப்பு, இனி நான் செய்யப்போவது:

1. இதை வேலைக்குப் போகிற வழியில் கூரியரில் போடுவேன். வியாழக்கிழமை உன் கைக்கு வரும் என்கிறார்கள்.

2. மூன்றாவது இடத்தை ரத்து செய்வேன். முன்பணம் போனால் போகட்டும்.

3. புல்திட்டை இரண்டு பேர் என்று சொல்லிப் பதிவு செய்வேன். தாழ்ப்பாளை நானே போய் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், அந்த அம்மா ம் என்றார், உன்னைப் போலவே.

4. கூடாரத்தின் வாசலை அந்த இரண்டு மரத்தின் பக்கம் வைப்பேன். காற்றும் அந்தப் பக்கம்தான், மழை வந்தால் நேராக உள்ளே அடிக்கும். அடிக்கட்டும், வாளி எடுத்து வருகிறேன்.

5. நீ வரவில்லை என்று சொன்னாலும் லீவை ரத்து செய்ய மாட்டேன். கூடாரத்தை அங்கேதான் அடிப்பேன், வாசலை அதே பக்கம் வைத்து, இடது பக்கம் படுப்பேன். வலது பக்கத்திலிருந்துதான் தண்ணீர் தெரியும்.