கிடாவுக்கு என்ன வேணும், அக்கா?

திட்டிக்கொண்டே சோறு போட்ட என் மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நாம் எழுதிக்கொண்டிருந்த கார்ட்டூன் படத்துக்கு முடிவு கேட்டுச் சென்னையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார்கள். கதை நீ, படம் நான் என்று பிரித்துக்கொண்டோம். இப்போது வரைகிறவன் மட்டும் மிச்சம். கடைசிப் பத்து நிமிடம் வெறும் தாளாகக் கிடக்கிறது.

கதை உனக்குத் தெரியாததா? காய்ச்சலில் கிடக்கும் சின்னப் பெண்ணுக்காக வீட்டார் ஒரு கிடாக்குட்டியைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுகிறார்கள். அவள் பிழைத்துக்கொள்கிறாள். யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் சாமி ஆடு என்று ஒருவரும் அடிப்பதில்லை. ஊரே தன்மேல் பிரியமாக இருப்பதாகக் கிடா நினைத்துக்கொள்கிறது. திருவிழாவில் வெட்டுவதற்குள் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை.

"கிடா தப்பிச்சு மலைக்கு ஓடிட்டாப் போதும், பிள்ளைக கைதட்டும்" என்றேன். நீ என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாய்.

"ஏலே, ஆசைப்பட்டது அந்தப் பிள்ளை. அவதான் ஊரு முன்னால வந்து நிக்கணும். ஒருத்தரு ஆசைக்கு இன்னொரு உசுரு விலை குடுத்தா அது கதையில்லடா, அநியாயம்."

சரியென்று தலையாட்டினேன். உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்த மறுநாள், ஊருக்கு வந்து ஒரு கிடாக்குட்டி வாங்கினேன். காதில் லேசாக அறுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உன் பெயரைச் சொல்லிக் கருப்பசாமிக்கு விட்டேன். உன் கதையை வரைந்த அதே கையால்தான் செய்தேன். வேறு என்ன செய்திருப்பேன், நீயே சொல்.

நீ பிழைக்கவில்லை. கிடா நன்றாக இருக்கிறது. நம்மூர் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் மேய்ந்து கொழுத்துவிட்டது. என்னைக் கண்டால் பின்னாலேயே வருகிறது. நான் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

அக்காவே இல்லையே, கிடாவை விட்டுவிடலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "சாமிக்கு விட்டதத் திருப்பிக் கேப்பியா? சித்திரையில வெட்டித்தான் ஆகணும். நீ நேந்துவிட்ட அன்னைக்கே கோயில் பெரியவுக சொன்னாக" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். தாளில் மட்டும்தான் நான் தைரியசாலி.

எந்தப் பாத்திரத்தை எழுதினாலும் 'இவனுக்கு என்ன வேணும்?' என்றுதான் முதலில் கேட்பாய். என்னைக் கேள். எனக்கு நீ வேண்டும், வேறொன்றும் வேண்டாம். நடக்கவே முடியாத ஆசையை வைத்துக்கொண்டு கதை ஓர் அடி நகராது என்பாயே. நகரவில்லை அக்கா. காலையில் எதற்கு எழுந்திருக்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

சித்திரையில் ஊர் கூடி நிற்கும்போது, கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயில் முன்னால் நிற்பேன். நேர்ந்தவன் நான், என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள் என்பேன். கேட்பார்களா, தெரியாது. அதன்பிறகுதான் கடைசிப் பத்து நிமிடத்தை வரைவேன். இது உன்மேல் சத்தியம். எப்படி வரைந்தாலும் அதில் நீ திரும்பி வரப்போவதில்லை.

உன் பெயரைச் சொல்லிக் காதறுத்த,
உன் கூடப்பிறந்த தம்பி
பாண்டி