மாதவுக்கு ஒரு தனி அறை

ஜூலை 8, 2025

பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அதற்கு முதலில் ஒரு மன்னிப்பு.

இன்று கொல்கத்தா பெஹாலா பள்ளியில் நான் நடத்திய முதல் பயிற்சி. ஆசிரியைகள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளைக் கண்டுகொள்ளும் அடையாளங்களைச் சொன்னபோது எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அதற்கேற்ப வகுப்பை எப்படி மாற்றுவது என்று தொடங்கும்போது பிரியாணிப் பொட்டலங்கள் வந்துவிட்டன. "மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பொரோதி. தலைமை ஆசிரியையை இங்கே அப்படித்தான், பெரியக்கா என்று, கூப்பிடுவார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்பா ஹவுரா பட்டறையில் ஃபிட்டர். ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். "வாத்தியாருங்கள்லாம் உன்னப் பாத்து எந்திரிச்சாங்களா?" என்று கேட்டார்.

பிரியாணிக்கு எழுந்தார்கள் என்று சொல்லவில்லை.

ஜூலை 15

வாரம் ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். போனேன். மீதிப் பயிற்சிக்கு நான் தேதி கேட்கவில்லை.

ஜூலை 22

மௌசுமிதி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நல்ல மனசு; எல்லாரையும் ஷோனா, தங்கம் என்றுதான் கூப்பிடுவார்.

"ஷோனா, என் கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான்! நீ சொன்னதெல்லாம் அப்படியே பொருந்துது."

மாதவ். சத்தம் கூடினால் தனக்குள் ஒரு ராகம் இழுப்பான். பலகையைப் பார்த்து எழுத வராது. பக்கத்து இடத்து ரஞ்சன் தன் நோட்டை அவன் பக்கம் நகர்த்தி வைப்பான். இத்தனை நாளும் அப்படித்தான் ஓடியிருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லாமல்.

இனி அவனுக்குத் தனி அறை. மாடிப்படிக்குக் கீழே, பந்துகளும் வலைகளும் கிடந்த இடம். நீலச் சாயம் இன்னும் காயவில்லை. ஒரு மேசை, மணி கோக்கும் டப்பா, வாசலில் காவலுக்கு ஆயா மாஷி.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்றார் மௌசுமிதி. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நல்லா இருக்கு என்றேன். ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 6

மாதவின் அம்மா பாகீரதி அக்கா பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். தமிழ்க் குடும்பம், வங்கி மாற்றலில் வந்தவர்கள்.

"நீதானே வந்து சொல்லிக்குடுத்தது?"

"ஆமாக்கா, ஆனா நான்—"

"எம் புள்ளைக்கு என்ன பேரு வேணா வச்சிக்கோங்க. அவனை ஏன் தனியா உக்கார வச்சீங்க? வீட்டுக்கு வந்தா ரஞ்சன் எங்க, ரஞ்சன் எங்கன்னு கேட்டுட்டிருந்தான். இப்ப அதுவும் கேக்கறதில்ல."

பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 7

பாதிதான் சொன்னேன். கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன் — கண்டுபிடித்துவிட்டார்கள். வகுப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19

அந்த அறையில் நாற்காலிகள் கூடியிருக்கின்றன. மாதவ் இப்போது ராகம் இழுப்பதே இல்லை. "ரொம்ப சமத்தாயிட்டான்" என்கிறார் மாஷி.

செப்டம்பர் 3

பொரோதி கூப்பிட்டு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். பள்ளியின் நியூ டவுன் கிளையிலும் நான் பயிற்சி நடத்த வேண்டுமாம்.

"உன் ட்ரெய்னிங்குக்கு எவ்வளவு பலன் பாரு! அங்கயும் ஒரு ரூம் ரெடி பண்ணச் சொல்லிட்டேன்."

தேதி கேட்டார், பூஜை விடுமுறைக்கு முன்னால். சொன்னேன். ஒரு நாள் போதுமா என்றார். இரண்டு நாள் வேண்டும் என்றேன். ப்ரொஜெக்டர் உண்டா என்று கேட்டேன். கேட்க வந்ததைத் தவிர எல்லாம் கேட்டேன். சந்தேஷ் கையிலேயே பிசுபிசுத்தது. எழுந்து கதவுவரை வந்துவிட்டேன்.

அங்கே நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:

"பொரோதி, அங்க ரூம் வேணாம். இங்க மாதவை அவன் பெஞ்சுக்கே அனுப்பிடுங்க. மௌசுமிதிக்குச் சிரமம்னா நான் தினமும் வரேன். எனக்கு நாற்காலி கூட வேணாம், பின்னாடி தரையில உக்காந்துக்கறேன். அவன் ரஞ்சன் பக்கத்துல இருக்கட்டும்."