பெயர் எழுதாத டாலர்

இயேசு மரி சூசை துணை

சட்பரி,
3 அக்டோபர் 1962, புதன் காலை.

அன்புள்ள கோன்ராட் தம்பிக்கு,

உங்கள் அண்ணி லோரெட் எழுதுவது. எட்டு வருடம் ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுகிறாளே என்று பதற வேண்டாம். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். உங்கள் அண்ணன் ஒவிலா வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நொராண்டாவுக்குக் கிளம்புகிறார். துப்பாக்கியோடு வருகிறார். சனிக்கிழமை விடியும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கண் வீங்கி மூடியிருக்கிறது. அவர் காலை ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். பதினொரு மணிக்குள் தபாலாபீஸ் போய்விட்டால் பார்சல் மதிய ரயிலைப் பிடித்துவிடும் என்று அங்கே இருக்கும் பெண் சொன்னாள்.

உங்கள் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். நொராண்டாவில் ஆறு மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான். அதை ஒரு காகிதத்தில் எழுதித் தொப்பியின் உள்பட்டையில் செருகி வைத்திருக்கிறார். தொப்பியைத் துலக்கும்போது பார்த்தேன். ஒரு மாதமாக அந்தத் தொப்பியை மரியாதையாகத் துலக்கி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

போலீஸ் சார்ஜெண்டிடமும் போனேன். உங்கள் அண்ணனோடு சீட்டாடுகிறவர்தான், வேறு யாரிடம் போவது? அவர் சிரித்தார். “மூஸ் மான் வேட்டை தொடங்குற வாரத்துல துப்பாக்கி இல்லாம ரயில் ஏறுற ஆம்பள எவன்மா இருக்கான்? வீட்டுக்குப் போய் அவனுக்கு நாலு சாண்ட்விச் கட்டிக் குடு” என்றார்.

இனி நான் எழுதுவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் என்னால் பொய் கலக்காமல் எழுத முடியும்.

உங்கள் அப்பாவின் நாணயப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்கு மரம் அறுத்துக் கொடுத்த கையால் அவரே குடைந்த பலகை. நாட்டில் புழங்கிய காசில் முகம் மாறினால் ஒரு குழி, பின்பக்கப் படம் மாறினால் ஒரு குழி. போர்க்காலத்துப் பித்தளை நிற ஐந்து சென்ட், பன்னிரண்டு மூலையோடு. நம்மூர் உலைப் புகைபோக்கி நிற்கும் ஐந்து சென்ட். பாய்மரக் கப்பல் பத்து சென்ட். கரிபு மான் தலை இருபத்தைந்து சென்ட். குழிக்கு அடியில் பென்சிலால் ஒரு வருடம். கடைசியில் ஒரே ஒரு குழி காலி. ராஜாவின் தலையைச் சுற்றி இந்தியாவின் சக்கரவர்த்தி என்றிருந்த எழுத்தை எடுத்துவிட்டு அடித்த வெள்ளி டாலருக்கான குழி. அதன் கீழே 1948 என்று எழுதியிருந்தார்.

அந்த 1948 டாலர் உங்கள் அண்ணனின் சம்பளக் கவரில் வந்தது. அப்பா படுக்கையில் கிடந்த கடைசி வாரம் அது. அவர் கையாலேயே குழியில் வைக்கட்டும் என்று அண்ணன் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அதற்குள் அப்பாவின் உயிர் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்து பையில் கைவிட்டால் காசு இல்லை.

மேஜையில் இறைச்சி அப்பம் ஆறிக்கொண்டிருந்தது. “எடுத்தது நீதானடா” என்றார் அண்ணன். “போடா, உன் கோட்டுப் பையில பேனு ஈறத் தவிர என்ன இருந்துச்சு, எடுக்கிறதுக்கு” என்றீர்கள் நீங்கள். அவர் விறகுப் பெட்டியிலிருந்து பிர்ச் கட்டையை எடுத்து உங்கள் காதோடு சேர்த்து அடித்தார். நீங்கள் விழுந்த பிறகும் விலாவில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தத்தை அடுப்படியிலிருந்து கேட்டேன். காய்ந்த சுள்ளி மாதிரிதான் இருந்தது.

நீங்கள் எழுந்து வில்ரம்பத்தை எடுத்தீர்கள். ஆளை வெட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். “அப்பா பலகையில எனக்குப் பாதி” என்று சொல்லிப் பலகையை மேஜையில் போட்டு அறுக்க ஆரம்பித்தீர்கள். அண்ணன் இடது கையைக் குறுக்கே வைத்தார். “கைய எடுடா” என்றீர்கள். “எடுக்கமாட்டேன். அறுடா பாப்போம், உனக்கு அந்தத் தைரியம் இருக்கான்னு” என்றார். நீங்கள் அறுத்தீர்கள், தம்பி. அவரும் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். இரண்டு விரல் தரையில் விழுந்த பிறகும் ரம்பம் நிற்கவில்லை, பலகை இரண்டாகும் வரைக்கும்.

உங்கள் பாதி உங்களோடு போனது. எங்கள் பாதி அடுப்புக்கு மேலே இருக்கிறது. அந்தக் காலிக் குழியின் நடுவாகத்தான் ரம்பம் போயிருக்கிறது. எங்களிடம் பாதி நிலா மாதிரி ஒரு பள்ளம், உங்களிடம் மீதி. எதிலும் காசு நிற்காது.

இப்போது சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது.

காசை நீங்கள் எடுக்கவில்லை. அண்ணன் பொய்யும் சொல்லவில்லை. அந்தக் கோட்டுப் பையில் ஓட்டை இருந்தது. ‘ஒவிலாவின் கோட்டுப் பை தைக்க வேண்டும்’ என்று என் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன். சாவு வீட்டு வேலையில் தைக்கவில்லை. அடக்கத்தன்று காலை கூடத்தைப் பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஒரு வெள்ளி டாலர் கிடைத்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் செத்தவர் பேரில் பூசைக்கென்று காசு வைத்துவிட்டுப் போவதுதானே நம் வழக்கம்? யாரோ வைத்தது உருண்டிருக்கிறது என்று நினைத்தேன். வருடத்தை யார் பார்த்தார்கள்? கல்லறைக்குப் போகும் வழியிலேயே பங்குச்சாமியார் கையில் கொடுத்து, அப்பாவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை கேட்டேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்: ‘தரையில் கிடைத்த டாலர், ஒரு பூசை.’ நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் காசு சாமியாரின் அங்கியில் இருந்தது.

நாலு நாள் கழித்து, ரத்தம் ஊறிய தரைப்பலகையைச் சோடாவும் கல்லும் போட்டுத் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். சாமியார் ஏற்கெனவே பாங்கில் கட்டிவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “புருஷன்கிட்ட சொல்லும்மா, அதுதான் உனக்குப் பரிகாரம்” என்றார். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று நினைத்தேன். அப்படியே எட்டு வருடத்து ஞாயிறும் போய்விட்டது. நோட்டின் பின்பக்கத்தில் இந்த வீட்டில் உடைந்தவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். தட்டு, நாற்காலி, என் மணிக்கட்டு. நான் பேசாமல் இருந்ததற்கு விதித்த தண்டனை என்று சகித்துக்கொண்டேன்.

இந்தக் கோடையில் யாரோ அவரிடம் ஒரு விலைப்பட்டியலைக் காட்டினார்கள். 1948 டாலர் கொஞ்சம்தான் அடித்தார்களாம், இப்போது கொழுத்த விலையாம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. “அவன் அதை வித்து வீடு கட்டியிருப்பான்” என்றே பேச்சு.

ஆனால் தம்பி, எட்டு வருடமாக அந்தப் பாதிப் பலகையைத் தூசி தட்டுகிறவள் நான். 1937 என்று எழுதிய குழியில் என்ன இருக்கிறது தெரியுமா? 1946 டாலர். மற்ற குழிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான். அந்த முகம் முதலில் வந்த வருடத்தைத்தான் அப்பா எழுதியிருக்கிறார். வைத்தது கைக்குக் கிடைத்த காசை. அவருக்கு வடிவத்துக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இந்தியா என்ற எழுத்து இல்லாத டாலர் 1952 வரைக்கும் அடித்தார்கள். மளிகைக் கடையில் கேட்டேன், கல்லாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். 1952. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷமாக அந்தக் குழியில் அழுத்தியிருப்பார்.

திங்கள்கிழமை அவர் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லி அந்தக் காசையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, “எட்டு வருஷமா வாயில என்னடி வெச்சிருந்தே?” என்றார். அப்புறம், “அவன் எழுதிக் குடுத்தானா இத? எத்தன தடவ வந்துட்டுப் போனான், நான் கீழ சுரங்கத்துல இருக்கும்போது?” என்றார். நான் குழிகளைக் காட்டினேன். வருடம் எதுவானாலும் போதும், அப்பா அப்படித்தான் வைத்திருக்கிறார் என்றேன்.

அவர் மூன்று விரல் கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கினார். “இங்க ரெண்டு குழி காலியா இருக்கே, லோரெட். இதுக்கு எந்த வருஷம்டி போடுவே? இதுக்கும் எதாவது போதுமா?”

காசை எடுத்து எறிந்தார். புருவத்தில் பட்டது. பிறகு அந்தக் கையாலேயே அடித்தார். கடைவாய்ப் பல் இரண்டு போனது, அதையும் நோட்டில் எழுதிவிட்டேன். என் ரத்தம் அவர் சூப்பில் விழுந்திருந்தது. அதை அப்படியே ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டு முடித்து, “வெள்ளிக்கிழமை போறேன்” என்றார். அவருக்கு வேண்டியது டாலர் இல்லை, தம்பி. எப்போதுமே அது இல்லை.

இந்தப் பார்சலில் கம்பளிக் காலுறைக்குள் கனமாக ஒன்று இருக்கும். அவருடைய துப்பாக்கியின் போல்ட்டு, தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற இரும்பு. இன்று காலை அவர் போன பிறகு கழற்றினேன். அதில்லாமல் அந்தத் துப்பாக்கி வெறும் கம்பிதான். வேட்டை தொடங்கும் வாரத்தில் எவனும் தன் துப்பாக்கியைக் கைமாற்றித் தரமாட்டான். வந்தவுடன் ஏரியில் ஆழமாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். அதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வெறுங்கையோடும் அவர் வருவார், அந்தக் கையை எனக்குத் தெரியும்.

நான் ஏன் கிளம்பவில்லை என்று கேட்பீர்கள். வீடு காலியாக இருந்தால் அவர் அந்த நிமிடமே உங்களைத் தேடிப் புறப்படுவார், நீங்கள் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே. நான் இருந்தால் ஒரு நாளாவது தாமதமாகும். அதுவுமில்லாமல் அந்தப் பையைத் தைக்காதவள் நான்தான்.

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்து வந்ததும் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது அவர் வழக்கம். ஆறு மணி இருக்கும், போல்ட்டு இல்லாதது அப்போது தெரிந்துவிடும். நேரம் கிடைத்தால் அப்போது ஜெபமாலையில் ஒரு பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு முழுவதையும் தோண்டி நிலவறையில் போட்டுவிட்டேன். கோழிகளைப் பக்கத்து வீட்டு ஹில்க்காவிடம் விட்டிருக்கிறேன், கூண்டு பழுதென்று சொல்லி.

அந்த 1952 டாலரையும் காலுறையின் நுனியில் முடிந்திருக்கிறேன். விளிம்பில் கறுப்பாக ஒட்டியிருப்பதைத் துடைக்க வேண்டாம், காசைத் துலக்கக் கூடாது என்று அப்பா சொல்வாரே. அடுத்த புதன்கிழமைக்குள் என் கையெழுத்தில் உங்கள் ஊர்த் தபாலாபீசுக்கு ஒரு கடிதம் வந்தால் அந்தக் காசு பலகைக்கு. இரண்டு பாதியையும் ஒரு நாள் சேர்த்து ஒட்டி அந்தக் குழியில் வைத்துக்கொள்ளலாம். கடிதம் வரவில்லையென்றால் அங்கே இருக்கும் சாமியாரிடம் கொடுத்து ஒரு பூசை கேளுங்கள். யார் பேரில் என்று நான் எழுதவில்லை. அதை அப்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.

அண்ணனை மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னை மன்னியுங்கள். இன்று குழந்தை தெரேசாள் திருநாள். அந்தப் புனிதவதி உங்கள் தலைமேல் ரோஜா இதழாக ஆசி பொழியட்டும். கேட்காத அந்தக் காதுப் பக்கம் குளிர் படாமல் கட்டிக்கொண்டு வெளியே போங்கள்.

மணி பத்தரை ஆகிவிட்டது. முக்காடு போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.

இயேசுவில் உங்கள் அண்ணி,
லோரெட் பிலோத்