முதுகைக் காட்டிய கரடி

அன்பு நஸ்லியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நீயும் மகள் ஹிபாவும் சுகம்தானே? துபாயில் நானும் சுகம்.

நேற்றுப் பூங்காவில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் வேலைக்குக் கரடி உடுப்போடு நின்றேன். ஹிபாவைப் போலவே புது ஆட்களைக் கண்டால் நடுங்கும் ஒரு பிள்ளை என்னைப் பார்த்து வீரிட்டாள். உடுப்புக்குள்ளிருந்து பேசவும் கூடாது. நம் ஊர் ஓலைத்தொடுவாயில் வலையில் கால் சிக்கி மிரளும் கழுதைக்குப் பக்கத்தில் நாம் இருப்போமே, அப்படி முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். கனநேரம் கழித்து ஒரு சின்னக் கை முதுகைத் தொட்டது. திரும்பினால் மறுபடி மிரண்டுவிடுவாள் என்று அசையாமல் இருந்தேன்.

ஹிபாவின் குரலைப் பதிந்து அனுப்பு, அழுகையானாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அடுத்த மாதம் நான் வரும்போது, “வாப்பாட்ட போ புள்ள” என்று அவளைத் தள்ளிவிடாதே. மூன்று வருடத்தில் நானும் அவளுக்குப் புது ஆள்தான். வாசல் படலையடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன்.

றிஸ்லான்