இரண்டு புள்ளி வைத்த குழாய்

நேற்று உன் மனைவி அந்தச் செம்புக் குழாயைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு சாண் நீளம்தான். வாய் ஓரத்தில் நீ குத்திய இரண்டு புள்ளிகள் இன்னும் தெரிகின்றன. பாபநாசத்தில் உன் பட்டறையில் ஒட்டிய எந்த இணைப்பும் அந்தப் புள்ளிகள் இல்லாமல் வெளியே போனதில்லை. "நாளைக்கு விட்டுப்போச்சுன்னா யாரைத் திட்டறதுன்னு தெரிய வேணாமாய்யா?" என்பாய்.

அந்த வருஷம் நீ, உருக்கி ஒட்டும் ஒரு கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். செம்பையும் எவர்சில்வரையும் சேர்த்து ஒட்டப் பித்தளைக் கம்பி போதவில்லை என்று, வெள்ளியும் நிக்கலும் கலந்து நீயே உருக்கினாய். நாகப்பட்டினத்துப் பழைய கப்பல் சாமானில் கிடைத்த எவர்சில்வர் முனையை, அந்தப் புதுக் கம்பியால் மிராசுதாருடைய ஆயில் இன்ஜினின் டீசல் குழாயில் ஒட்டிக் கொடுத்தாய்.

நடவுக் கூலிக்காக ஆட்கள் வேலையை நிறுத்திய இரண்டாம் நாள், குழாய் கழன்று டீசல் கொட்டி, இன்ஜின் கொட்டகை எரிந்தது. மாணிக்கத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மிராசுதாருடைய நிலத்தை உழுதுகொண்டு, தன் குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தவன் அவன். 'குழாய் அறுக்கப்பட்டிருந்தது' என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். குழாயைப் பார்க்காமலே அப்படியே பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் குழாயை அடையாளம் காட்ட உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாய்.

"என்ன நிருபரே, அறுத்ததை நீ பாத்தியா?"

"போலீஸ்ல சொன்னாங்க."

"ரம்பம் பட்டா வாய் பிசிறா இருக்கும். இதுல செம்புப் பக்கம் பூரா கம்பி ஒட்டியிருக்கு, எவர்சில்வர் பக்கம் தொடச்சு வெச்சாப்ல இருக்கு. பிடிக்கவே இல்லய்யா. கம்பியை மாத்தின நான், ஒட்டறதுக்கு முன்னால தூவுற வெங்காரத்தை மாத்தல. எவர்சில்வருக்கு அது கேக்காது. தப்பு என்னுது. எழுது."

"ஆசிரியரைக் கேக்கணும்," என்றேன்.

"கேளு. அவன் உள்ள இருக்கட்டும்."

ஆசிரியர் வேண்டாம் என்றார். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நீ கோர்ட்டில் ஏறிச் சொன்னாய். நீ ஒட்டிக் கொடுத்தது வேறு குழாய் என்றது போலீஸ் தரப்பு. புள்ளிகளைக் காட்டினாய். மாணிக்கம் விடுதலையானான். ஆனால் அதற்குள் ஏழு மாதம் போயிருந்தது. அவன் குத்தகை நிலத்தில் வேறொருவரின் சம்பா பால் பிடித்திருந்தது. பதிவேட்டில் அவன் பெயர் ஏறவே இல்லை. உன் பட்டறைக்கு அதன்பின் ஓர் இன்ஜினும் வரவில்லை. பூட்டிவிட்டுத் திருச்சியில் கூலிக்கு வெல்டிங் செய்யப் போனாய். போன மாதம் அங்கேயே இறந்தும் போனாய்.

ஒருமுறை அங்கே வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். "வெங்காரம் மாத்திட்டேன்யா. இப்ப பிடிக்குது," என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் செய்தி பழைய நாளிதழ்க் கட்டில் இன்றும் அப்படியே இருக்கிறது. மேலே 'நமது நிருபர்' என்று போட்டிருக்கிறது. என் பெயர் இல்லை. குழாயை எழுதுமேசை மேல் வைத்திருக்கிறேன். புள்ளிகள் என் பக்கம் பார்த்தபடி இருக்கின்றன.